நின்ற கால்

முதல் நாள்

சோளகம் எழும்பிவிட்டது. கிணற்றடியில் இரண்டு பனங்குற்றிகளை நட்டு, குறுக்கே தடித்த பலகை ஒன்றை அடித்து, பெரியப்பாவின் எஞ்சினை அதில் கொளுவியிருக்கிறேன். பதினைந்து குதிரை யமஹா. மேல்மூடியின் நிறம் எப்போதோ போய்விட்டது. அரசாங்கக் கடிதங்களில் இதற்குப் பெயர் வெளியிணைப்பு இயந்திரம். கரையில் அந்தப் பெயரைச் சொன்னால் யாரோ புது ஆள் வந்திருக்கிறான் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

என் தொழில் தோட்டக் கிணறுகளின் நீர்ப்பம்பு திருத்துவது. வெங்காயமும் புகையிலையும் இருக்கும்வரை எனக்குச் சோறு இருக்கிறது. அதனால் கடல் எஞ்சினின் மேல்பாதி எனக்கு அந்நியமில்லை: சிலிண்டர், பிளக், காபரேட்டர். கீழ்ப்பாதியை இன்றுதான் முதன்முதலாகத் திறக்கப் போகிறேன். பெரியப்பா எஞ்சினைத் தலை, உடம்பு, கால் என்று மூன்றாகப் பிரிப்பார். விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே தீர்ப்பும் சொல்லிவிட்டார்: "தலை பிழையில்லை. கால்தான் போட்டுது."

கால் என்றால் தண்ணீருக்குள் நிற்கும் பகுதி. மேலே எஞ்சின் சுழற்றும் ஷாஃப்ட் நிமிர்ந்தபடி இறங்கி வருகிறது. அடியில் அது ஒரு சிறு பற்சில்லைச் சுழற்ற, அந்தச் சில்லு முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு பெரிய சில்லுகளை எதிரெதிர்த் திசைகளில் சுழற்றுகிறது. புரொப்பெல்லரின் ஷாஃப்ட் அவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கிறது. கியரைத் தள்ளினால் ஒரு பல்லுக்கட்டை நகர்ந்து இரண்டில் ஒன்றைப் பிடிக்கும். முன்சில்லைப் பிடித்தால் போட் முன்னே போகும், பின்சில்லைப் பிடித்தால் பின்னே. ஒன்றையும் பிடிக்காமல் நடுவில் நின்றால், உள்ளே எல்லாம் சுழல வெளியே புரொப்பெல்லர் சும்மா நிற்கும். இவ்வளவும் கால் லீற்றர் அளவு ஒயிலில் மூழ்கிக் கிடக்கின்றன. சுற்றிவரக் கடல்.

அடித் திருகாணியை முதலில் கழற்ற வேண்டும். பிறகு மேல் திருகாணி, காற்றுப் போக. பேணி ஒன்றைக் கீழே பிடித்தேன். முதலில் வந்தது ஒயில் அல்ல, வெறும் தண்ணீர். தண்ணீர் பாரம் கூடியது, அடியில் போய்ப் படுத்திருக்கிறது. அதன் பிறகுதான் ஒயில் வந்தது, கலங்கி வெளிறி.

பெரியப்பா எட்டிப் பார்த்தார். "பிளேன்ரீ வரவேண்டிய இடத்திலை பால்ரீ வருது" என்றார்.

இரண்டாம் நாள்

காலையும் உடம்பையும் பிணைக்கும் போல்ட்டுகள் அசையவில்லை. இரும்பு போல்ட், அலுமினிய உடல், இடையில் வருடக்கணக்கான உப்பு. திருகாணித் தலைகளைச் சுற்றிச் சுண்ணாம்புபோல வெள்ளை பூத்திருக்கிறது. அது உப்பு மட்டுமல்ல, அலுமினியம் தின்னப்பட்டு மிஞ்சிய பொடி.

பம்புகளில் எனக்கு ஒரு பழக்கம்: அசையாததை நீளமான சாவியால் அசைப்பது. கடல் எஞ்சினில் அப்படிச் செய்தால் போல்ட்டின் தலை கையோடு வரும், உடல் உள்ளே இருந்துவிடும். பெரியப்பா கதிரையிலிருந்து எழும்பி வந்து சாவியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "சுடுதண்ணி ஊத்து. மண்ணெண்ணெய் விடு. பேந்து பேசாமல் இரு."

வெப்பத்தில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சுடுதண்ணீர் ஊற்றும்போது ஓட்டை போல்ட்டைவிடச் சற்று அகலமாகிறது, மயிரிழையிலும் சிறிய அளவு. அந்த இடுக்கில் மண்ணெண்ணெய் இறங்க வேண்டும். இறங்குவதைக் காண முடியாது. ஊற்றி, ஆறவிட்டு, மெல்லத் தட்டி, மறுபடி ஊற்றி. பொழுது போனது. ஒரு போல்ட் மட்டும் அசைந்தது. மற்றவற்றுக்கு நாளை.

நான்காம் நாள்

கால் கழன்றது. கியர்க் கம்பியின் இணைப்பை விடுவித்துக் கீழே இழுத்தபோது ஷாஃப்ட் உறையை விட்டு உருவி வந்தது. கையில் எடுத்தால் நினைத்ததைவிடப் பாரம். வாங்கில் சாக்கை விரித்துக் கிடத்தினேன்.

காலின் மேற்புறத்தில் நீர்ப்பம்பு இருக்கிறது. இங்கேயாவது என் சொந்த ஊருக்கு வந்துவிட்டேன். கடல்நீரை உறிஞ்சித் தலைக்கு அனுப்பி எஞ்சினைக் குளிர்விப்பது இதன் வேலை. உள்ளே ரப்பர் இம்பெல்லர், ஆறு இதழ். ஷாஃப்டின் நேர் நடுவில் அல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கிய கிண்ணத்துக்குள் அது சுழல்கிறது. இடம் குறுகிய பக்கத்தில் இதழ்கள் மடங்கும், அகன்ற பக்கத்தில் விரியும். அந்த மடக்கிலும் விரிவிலும் தண்ணீர் ஏறுகிறது.

வெளியே எடுத்தபோது ஆறு இதழ்களும் ஒரே பக்கமாக வளைந்து, வளைந்த வாக்கிலேயே இறுகியிருந்தன. விரலால் நிமிர்த்தினேன். நிமிரவில்லை, மேலும் அழுத்த ஒன்று ஒடிந்தது. தேய்வு அதிகமில்லை. ஓடி ஓடிக் கெட்ட இதழாக இருந்தால் நுனி தேய்ந்திருக்கும், ஆழமில்லாத பரவைக் கடலின் மணல் அதைச் செய்யும். இது வேறு மாதிரி. எஞ்சின் கடைசியாக நின்றபோது எந்த இதழ் எவ்வளவு மடங்கியிருந்ததோ, அவ்வளவிலேயே ஒவ்வொன்றும் உறைந்திருக்கிறது.

ஒரு எஞ்சின் கடைசியாக எங்கே நின்றது என்பதை அதனுடைய இம்பெல்லர் மறப்பதில்லை. இதை என் பம்புகளிலும் கண்டிருக்கிறேன், ஆனால் கவனித்ததில்லை.

ஐந்தாம் நாள்

தண்ணீர் எப்படி உள்ளே வந்தது?

பால்ரீ கேள்வியைத்தான் தந்தது. விடை எங்கேயும் இருக்கலாம்: அடித் திருகாணியின் வோசர், மேல் ஷாஃப்டின் சீல், கியர்க் கம்பியின் சீல், உடலில் மயிர்வெடிப்பு, புரொப்பெல்லர் ஷாஃப்டின் சீல்.

புரொப்பெல்லரைக் கழற்றினேன். அதற்குப் பின்னால் இருக்கும் தடித்த வோசரையும் எடுத்தேன். அங்கே, ஷாஃப்டைச் சுற்றி, பூனை மயிர் உருண்டதுபோல ஏதோ இருந்தது. கத்தி நுனியால் கிளப்பிப் பார்த்தால் தங்கூசி. நைலோனின் ஒற்றை இழை, கண்ணாடிபோல, பத்துப் பன்னிரண்டு சுற்று. கடைசிச் சுற்றுகள் சீலின் ரப்பர் உதட்டுக்குள்ளேயே இறங்கி அதை அறுத்திருந்தன.

தங்கூசி வலை இலங்கையில் 2006இல் தடை செய்யப்பட்டது. தடைக்குப் பிறகும் கடலில் அது இல்லாமல் போய்விடவில்லை. நைலோன் உக்காது. அறுந்த துண்டு மிதந்து திரியும், எங்கேயாவது சுழலும் ஷாஃப்ட் ஒன்று அகப்பட்டால் போய்ச் சுற்றிக்கொள்ளும். சுற்றும் சத்தம் கேட்காது, எஞ்சின் இழுவை குறையாது. மீன் பிடிக்கப் போனவனின் காலில் மீன் பிடிக்கும் இழையே சுற்றிக் கிடப்பது அவனுக்குத் தெரியாது.

சீலைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ரூபாய்க் குற்றியைவிடச் சற்றுப் பெரிது. இரும்பு வளையம், அதற்குள் ரப்பர் உதடு, உதட்டை ஷாஃப்டோடு அணைத்துப் பிடிக்க மெல்லிய ஸ்பிரிங் வளையம். ஒயிலையும் கடலையும் பிரித்து வைத்திருந்தது இவ்வளவுதான்.

ஆனால் அறுந்த உதட்டினூடே தண்ணீர் உடனே பாய்ந்துவிடாது. ஓடும்போது பெட்டி சூடாகிறது, உள்ளே இருக்கும் ஒயிலும் காற்றும் விரிகின்றன. விரியும்போது அவை வெளியே தள்ளும், தண்ணீரை உள்ளே விடாது. எஞ்சினை நிறுத்திய பிறகு, சூடான கால் குளிர்ந்த தண்ணீரில் நிற்கும்போது, உள்ளே இருப்பது சுருங்குகிறது. சுருங்கிய இடத்தை நிரப்ப ஏதாவது வரவேண்டும். அப்போதுதான் கடல் உள்ளே வருகிறது. ஒவ்வொரு தரமும் ஒரு துளி, இரண்டு துளி. வேலை முடிந்து, சத்தம் அடங்கி, எல்லாரும் கரைக்கு நடந்து போன பிறகு.

பெரியப்பாவிடம் சொன்னேன். அவருக்கு இது புதிதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "ஓடேக்கை ஒண்டும் வராது" என்றார். மேலே எதுவும் சொல்லவில்லை.

ஏழாம் நாள்

புரொப்பெல்லர் ஷாஃப்டைத் தாங்கும் கூடு இன்று கழன்றது. சுடுதண்ணீர், மண்ணெண்ணெய், மரச்சுத்தியல், இரண்டு நாள். பிறகு உள்ளே கைவிட்டு, மேல் ஷாஃப்ட் சுழலாமல் பிடித்துக்கொண்டு, சிறு பற்சில்லின் நட்டை அவிழ்த்தேன். ஷாஃப்ட் மேலே வந்தது, சில்லு கீழே விழுந்தது. கடைசியாக முன்சில்லு. அதற்குப் பின்னால் கூம்பு உருளைகள் கொண்ட பேரிங்.

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெயிலில் பிடித்தேன். பேரிங்கின் வெளிவளையத்தில், கீழ்ப்பாதியில் மட்டும், கறுத்த கோடுகள். ஒன்றுக்கொன்று சமதூரம். மேல்பாதி கண்ணாடிபோலப் பளபளத்தது. கோடுகளின் இடைவெளியை உருளைகளின் இடைவெளியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது.

உள்ளே வந்த தண்ணீர் அடியில் படுத்துவிட்டது. எஞ்சின் நின்றது. கீழ்ப்பாதி உருளைகள் எந்த இடத்தில் வளையத்தைத் தொட்டுக்கொண்டு நின்றனவோ, அந்த இடங்களில் துரு பிடித்துக் குழியாகிவிட்டது. எத்தனை வருடம் ஓடியது என்று இந்த வளையம் சொல்லவில்லை. எங்கே நின்றது என்பதைக் கோடு போட்டுச் சொல்கிறது.

எனக்குத் தெரிந்த அளவில் இந்த எஞ்சினின் கதை இது. எண்பதுகளில் வாங்கியது. தொண்ணூறுகளில் கிளாலிக் கடனீரேரியில் ஓடியது. 1996 சித்திரையோடு அந்தக் கரை மூடியது. பிறகு மாட்டுக் கொட்டிலில் வைக்கோலுக்குள் கிடந்தது. யுத்தம் முடிந்து 2010க்குப் பிறகு சில மாதம் பெரியப்பா கடலுக்குக் கொண்டுபோனார். அந்தத் தங்கூசி அப்போது சுற்றியதாகத்தான் இருக்க வேண்டும். பிறகு ஒருநாள் கொண்டுவந்து கொட்டிலில் சாத்திவிட்டார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

எட்டாம் நாள்

பற்களை எண்ணினேன். சிறு சில்லில் 13. பெரிய சில்லில் 27.

எஞ்சின் ஏறக்குறைய இரண்டு சுற்றுச் சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று. வேகத்தைக் கொடுத்து விசையை வாங்கும் கணக்கு. அப்படியானால் 13க்கு 26 வைத்திருக்கலாமே, கணக்குச் சுத்தமாக இருக்குமே என்று யோசித்தேன். கொப்பியில் கீறிப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

13க்கு 26 என்றால் சிறு சில்லின் ஒவ்வொரு பல்லும் பெரிய சில்லின் இரண்டே இரண்டு பற்களைத்தான் காலம் முழுவதும் சந்திக்கும். ஒரு பல்லில் ஒரு வடு இருந்தால் அந்த இரண்டும் அடிபட்டே அழியும். 13க்கும் 27க்கும் பொதுக் காரணி கிடையாது. எனவே ஒவ்வொரு பல்லும் எதிர்ச் சில்லின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திக்கிறது. 351 சந்திப்புகள் முடிந்த பிறகே அதே இரண்டு பற்கள் மறுபடி முகம் பார்க்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஓடும்போது இந்த முழுச் சக்கரமும் ஒரு நொடிக்கு மூன்று தடவை நடந்துவிடுகிறது.

பற்களைப் பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தேன். தேய்வு எல்லாவற்றிலும் ஒன்றுபோல. வடு எதிலும் தனித்து இல்லை. ஓட்டம் பங்கு போட்டுக்கொண்டது. நின்றதைத்தான் அந்தந்த உருளை தனியே ஏற்றுக்கொண்டது.

ஒன்பதாம் நாள்

மழைக்கோலம். வேலை இல்லை. படித்ததை எழுதி வைக்கிறேன்.

இந்த எஞ்சினின் வடிவத்தை 1909இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஓலே எவின்ரூட். 1877இல் நோர்வேயில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு குடிபெயர்ந்தவர். அவருக்கு முன்பும் இப்படிப்பட்ட எஞ்சின்கள் இருந்தன, என்றாலும் சந்தையில் நிலைத்தது அவருடையது. ஒன்றரைக் குதிரை வலு, ஏறக்குறைய 28 கிலோ. நிமிர்ந்த ஷாஃப்ட், அடியில் பற்சில்லு, கிடையான புரொப்பெல்லர்: என் வாங்கில் பிரிந்து கிடப்பதும் அதே எலும்புக்கூடுதான். ஒரு கோடைநாளில் ஏரிக்கரை விருந்தில் தன் காதலிக்கு ஐஸ்கிறீம் வாங்கத் துடுப்புப் போட்டுப் போனாராம், திரும்பி வருவதற்குள் உருகிவிட்டதாம், அதிலிருந்துதான் யோசனை பிறந்ததாம். இப்படி ஒரு கதை வழங்குகிறது.

உருகுமுன் அக்கரை சேர வேண்டும் என்று ஒருவர் கண்டுபிடித்தது. எங்களுக்கு விடியுமுன்.

1990இல் யுத்தத்தில் ஆனையிறவுப் பாதை அடைபட்டது. அடுத்த வருடம் பூநகரிப் பக்கமும் அடைபட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வெளியே போக மிஞ்சியது கிளாலிக் கடனீரேரி. கடற்படை தடை செய்திருந்த நீர். போனவர்கள் இரவில், வெளிச்சமில்லாமல் போனார்கள். முன்னால் எஞ்சின் பூட்டிய போட் ஒன்று, அதன் பின்னால் கயிற்றில் கோத்ததுபோல வள்ளங்கள். 1993இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவின் மடியில் ஒரு பை, என் மடியில் தங்கச்சி. இருட்டில் எதுவும் தெரியவில்லை. முன்னால் எங்கேயோ எஞ்சின் சத்தம், பின்னால் கயிறு இழுபடும் சத்தம், அடியில் தண்ணீர்.

நடுவழியில் எஞ்சின் நின்றது. புரொப்பெல்லரில் சாதாளை சிக்கியதா, எண்ணெய் அடைத்ததா, தெரியாது. அதுவரை வள்ளத்தில் குசுகுசுவென்று பேச்சு இருந்தது. நின்றதும் அதுவும் நின்றது. தூரத்தில் வேறொரு எஞ்சின் ஓடுகிறதா என்று எல்லாரும் காதைக் கொடுத்தார்கள். இழுத்துக்கொண்டு போனவர் கயிற்றை இழுத்து இழுத்து ஸ்டார்ட் செய்யும் சத்தம், ஒன்று, இரண்டு, ஐந்து. அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று இன்றுவரை என்னால் அளக்க முடியவில்லை. மறுபடி பிடித்தபோது பக்கத்தில் ஒரு கிழவி அழத் தொடங்கினார். ஓடும்போது அழவில்லை, நிற்கும்போதும் அழவில்லை.

அன்று இழுத்தது பெரியப்பாவின் எஞ்சினா என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். "ஆர் கணக்கு வைச்சது" என்றார்.

பன்னிரண்டாம் நாள்

டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கினேன். சீலுக்குக் கம்பனிப் பெயர் தேவையில்லை, மூன்று எண் போதும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு. மூன்றும் பழைய சீலின் முகத்திலேயே அச்சாகியிருந்தன. பேரிங்குக்கும் அப்படித்தான், வளையத்தின் ஓரத்தில் அதன் எண். இம்பெல்லர் மட்டும் அதற்குரியதாகவே வேண்டும். கிடைத்தது.

கடைக்காரர் சொன்னார், கால் பழுதென்று வருபவர்கள் கடந்த சில வருடங்களாகக் கூட என்று. எனக்கு வியப்பில்லை. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. கரையில் போட்டுகளும் தோட்டத்தில் பம்புகளும் ஒன்றாகப் படுத்தன. அடுத்த போகத்தில் என்னிடம் வந்த பம்புகளில் பாதி தேய்ந்து வந்தவை அல்ல, கிடந்து வந்தவை. அப்போது அதை ஒரு தொழில் அலுப்பாக மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். இன்று பழைய கொப்பியை எடுத்துப் பார்த்தேன்.

பதின்மூன்றாம் நாள்

பேரிங்கின் வெளிவளையம் பெட்டியின் ஆழத்தில் இறுகியிருக்கிறது. பின்னாலிருந்து தட்ட வழியில்லை. இழுகருவி பிடிக்க விளிம்பில்லை. வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய், வளையத்தின் உட்புறத்தில் ஒரு சுற்றுக் கோடு இழுக்கச் சொன்னேன். பெடியன் சந்தேகமாகப் பார்த்துவிட்டு இழுத்தான். இரண்டு பேரும் காத்திருந்தோம். சூடேறியபோது ஒன்றும் நடக்கவில்லை. ஆறும்போது வளையம் சுருங்கியது. பெட்டியைக் கவிழ்த்தேன், டிங் என்று நிலத்தில் விழுந்தது.

கடலை உள்ளே இழுத்ததும் குளிர்ச்சிதான், கழலாததைக் கழற்றித் தந்ததும் குளிர்ச்சிதான்.

பதினான்காம் நாள்

பூட்டும் நாள்.

வளையத்துக்குப் பின்னால் ஷிம் என்கிற மெல்லிய தகட்டு வளையங்கள். பழையவை இரண்டு: ஒன்று 0.30 மில்லிமீற்றர், மற்றது 0.12. முன்சில்லு சிறு சில்லை நோக்கி எவ்வளவு முன்னே நிற்க வேண்டும் என்பதை இவைதான் முடிவு செய்கின்றன. அதிகம் முன்னே வந்தால் பற்கள் ஒன்றையொன்று நெரிக்கும், சூடாகும், ஒயில் நுழைய இடமிருக்காது. அதிகம் பின்னே போனால் நுனியில் மட்டும் தொட்டு, ஒவ்வொரு கியருக்கும் அடிபடும். பற்கள் எந்த இடத்தில் தொடுகின்றன என்று பார்க்க நீலச் சாயம் பூசுவார்கள். என்னிடம் இல்லை. மனைவியின் சாந்துப்பொட்டுப் போத்தலை எடுத்து நாலு பற்களுக்குப் பொட்டு வைத்துச் சுழற்றினேன். எதிர்ச் சில்லில் சிவப்பு படிந்த இடம் பல்லின் நடுவில், கொஞ்சம் அடிப்பக்கம் தள்ளி. பழைய ஷிம்களே போதும்.

"கலியாணம் முடிஞ்சுதா?" என்று பெரியப்பா கதிரையிலிருந்து கேட்டார். பால்ரீக்குப் பிறகு அவர் பகிடி விட்டது அதுதான் முதல் தடவை.

புரொப்பெல்லர் ஷாஃப்டில் பழைய சீலின் உதடு ஓடிய இடத்தில் ஒரு பள்ளம். கண்ணுக்கு அரிது, நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கும். உலோகத்தை ரப்பர் தேய்த்திருக்கிறது, நடுவில் மாட்டிய மணல்தான் கருவி. புதுச் சீலை அதே இடத்தில் இறக்கினால் புது உதடு பழைய பள்ளத்தில் இருக்கும். ஆகவே ஒரு மில்லிமீற்றர் தள்ளி நிறுத்தினேன், தேயாத இடத்தில். சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம், அது எதைத் தடுக்க வேண்டுமோ அதைப் பார்த்திருக்க வேண்டும். பழையவை எந்தப் பக்கம் பார்த்திருந்தன என்று கழற்றுமுன் கீறி வைத்த படத்தைப் பார்த்தே இறக்கினேன். உதட்டுக்குக் கொஞ்சம் கிறீஸ், உலர்ந்தபடி சுழன்றால் முதல் நிமிடத்திலேயே கருகும்.

கீழே துத்தநாகக் கட்டி ஒன்று உண்டு. அலுமினியத்துக்குப் பதிலாகக் கடலுக்குத் தின்னக் கொடுப்பது. அது தின்னப்படாமல் முழுதாக இருந்தது, காலின் உடல்தான் குழி குழியாகியிருந்தது. காரணம், யாரோ அழகுக்காகக் காலுக்குப் பெயின்ட் அடித்தபோது அதற்கும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். சுரண்டி வெறுமையாக்கினேன்.

பதினைந்தாம் நாள்

ஒயில் விடுமுன் காற்று. மேல் ஓட்டையில் சைக்கிள் ரியூபின் வால்வைப் பொருத்தி, காற்றுப் பம்பால் மெல்ல அடித்தேன். பத்துப் பி.எஸ்.ஐ. போதும், கூடினால் நல்ல சீலும் புரண்டுவிடும். காலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினேன்.

குமிழிகள் வந்தன, வெளியே ஒட்டியிருந்த காற்று. கையால் தடவி விட்டேன். ஷாஃப்டை ஒரு சுற்றுச் சுற்றினேன். தண்ணீர் அடங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். கியர்க் கம்பியடியில் ஒரு குமிழி, பெரிய மூச்சு விட்டாற்போல இடைவெளி, பிறகு இன்னொன்று. சிறு சீல் ஒன்று, மாற்றத் தேவையில்லை என்று நான் விட்டது. கழற்றி, மாற்றி, மறுபடி தொட்டிக்குள். இந்தமுறை ஒன்றுமில்லை. சின்ன மகள் பக்கத்தில் வந்து குந்தியிருந்து, "என்னப்பா பாக்கிறியள்?" என்றாள். ஒன்றும் வராமல் இருப்பதைப் பார்க்கிறேன் என்றேன்.

ஒயிலை அடியிலிருந்துதான் ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். அடி ஓட்டையில் பிடித்து அழுத்த அழுத்த, மெல்ல மெல்ல ஏறி மேல் ஓட்டையில் வழிந்தது. முதலில் மேல் திருகாணி, பிறகு அடித் திருகாணி. தேன் நிறம்.

பதினாறாம் நாள்

பெரிய பீப்பாய் ஒன்றில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை இறக்கினோம். பெற்றோலில் பிடிக்க வைத்து மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன். ஆறாவது இழுவையில் பிடித்தது. புகை கிணற்றடியை மூடியது. பின்னால் சிறு ஓட்டையிலிருந்து தண்ணீர் பீறிட்டது, புது இம்பெல்லர் வேலை செய்கிறது. முன் கியர், நடு, பின் கியர். கியர் விழும் சத்தம் சுத்தமாக இருந்தது.

பெரியப்பா கதிரையை விட்டு எழும்பி வந்து பீப்பாயின் விளிம்பில் கையை வைத்தார். சத்தத்தைக் கையால் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவர் உதடு அசைவதைக் கண்டேன். என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. எனக்குச் சொல்லவுமில்லை.

பத்து நிமிடத்தின் பின் நிறுத்தினேன். அவர் உடனே கையை எடுத்துவிட்டார்.

காலைத் தண்ணீரிலேயே விட்டேன். சோதனை இனித்தான்: சூடான பெட்டி, குளிர்ந்த தண்ணீர், நீண்ட இரவு.

பத்தொன்பதாம் நாள்

மூன்று இரவு. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஓட்டி, தண்ணீரில் நிற்க விட்டு, விடிய எழும்பி அடித் திருகாணியைச் சற்றே தளர்த்திப் பார்க்கிறேன். தண்ணீர் வந்திருந்தால் அதுதான் முதலில் இறங்கும். முதல் நாள் முதல் துளி தேன் நிறம். இரண்டாம் நாளும் அப்படியே. இன்றும்.

இன்று பெரியப்பா எனக்கு முன்னே எழும்பி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பீப்பாயடியில் நின்றார். துளியை விரலில் வாங்கி, மற்ற விரலோடு உரசி, மூக்கருகே கொண்டுபோனார். பிறகு சாரத்தில் துடைத்தார். அவர் முகம் தெளிந்திருந்தது. கேட்பதற்கு இதைவிட நல்ல வேளை வராது என்று நினைத்தேன். 93இல் அந்த இரவு, நடுக்கடலில் நின்ற எஞ்சின், கயிற்றை இழுத்து இழுத்துப் பிடிக்க வைத்த ஆள். வாயைத் திறந்தேன்.

"எத்தினை தரம் திறந்தனி?" என்று அவர் முந்திக்கொண்டார்.

"மூண்டு தரம், பெரியப்பா."

"வோசர் மாத்தினியா?"

மாற்றவில்லை. நசிந்த வோசர் இரண்டாம் முறை அதே மாதிரி இருக்காது. அது எனக்குத் தெரியும், பம்புக்காரர்களுக்கு நானே சொல்வது.

"ஒவ்வொரு நாளும் திறந்து பாத்தால், நீ பாக்கிற ஓட்டையாலேயே தண்ணி போகும்" என்றார்.

மேசை லாச்சியில் புது வோசர் இருந்தது. போட்டு இறுக்கினேன்.